மைக்ரோசொப்ட் 365 பிஸ்னஸ் பிரீமியம்: ஆட்கள் வீட்டிலிருந்து வேலை செய்யும் வன்னி நிறுவனத்துக்கு எடுக்கலாமா?

பத்துப் பேர் உள்ள நிறுவனம் இந்தச் சேவையை எடுத்தால் வரி தவிர்த்து ஆளுக்கு மாதம் 22 அமெரிக்க டொலர், வருடத்துக்கு 2640 டொலர். அதைக் கட்டிவிட்டு வேர்ட், எக்செல், மின்னஞ்சல் மூன்றையும் மட்டும் பாவிப்பதென்றால் எடுக்கவே வேண்டாம். விலை குறைந்த பிஸ்னஸ் ஸ்டான்டர்ட் போதும். பிரீமியத்துக்குக் கூடக் கொடுக்கிற காசு, ஊழியரின் வீட்டு மேசையில் கிடக்கும் லப்டொப்பையும் அவருடைய சொந்தப் போனையும் நிறுவனத்தின் பிடிக்குள் கொண்டுவரும் கருவிகளுக்கானது: இன்டியூன் (லப்டொப்பையும் போனையும் தூரத்திலிருந்து கட்டுப்படுத்துவது), என்ட்ரா ஐடி பி1 (கணக்குகளும் உள்நுழைவும்), டிபென்டர் போர் பிஸ்னஸ் (வைரஸ், தாக்குதல் தடுப்பு), பேர்வியூ (தரவு வெளியே போவதைத் தடுப்பது). அவற்றை வடிவாகப் பூட்டி எடுக்க ஆகக் குறைந்தது இரண்டு கிழமை வேலை இருக்கிறது. அந்த இரண்டு கிழமையை ஒதுக்கக்கூடிய நிறுவனத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறோம்.

ஏன் இவ்வளவு மினக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் தங்கள் கோப்புகளை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வன்னியில் வீட்டிலிருந்து செய்யப்படும் வேலையில் கொழும்பு நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் இருக்கிறது, லண்டன், டொரொன்டோ வாடிக்கையாளரின் கணக்குப் பதிவு இருக்கிறது, தொண்டு நிறுவனங்களின் பயனாளிகள் பட்டியல் இருக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் ஒரே எக்செல் தாளில். அது வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை இந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது. இந்தப் பட்டியல்கள் இன்னும் வட்ஸ்அப் குழுவிலும் பென் டிரைவிலும் திரிவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

முதலில் லப்டொப்

சேவையை வாங்குவதற்கு முன்னரே தடுக்கி விழும் இடம் இதுதான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் லப்டொப்புகளில் விண்டோஸ் ஹோம் பதிப்புத்தான் வருகிறது. ஹோம் பதிப்பை நிறுவனக் கணக்கோடு முழுமையாக இணைக்க முடியாது, புரோ வேண்டும். பிரீமியம் எடுத்தால் புரோ தானாக வந்துவிடும் என்று விற்பவர்கள் சொன்னால் நம்பவேண்டாம். அதில் உள்ள மேம்படுத்தும் உரிமை விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றின் புரோ பதிப்புகளிலிருந்து மேலே போவதற்கு மட்டுந்தான். ஹோமிலிருந்து புரோவுக்கு மாற மைக்ரோசொப்ட் ஸ்டோரில் தனியாக 99 டொலர்.

பாவித்த லப்டொப் வாங்குவதென்றால் இரண்டு விடயம் பார்க்க வேண்டும். ஒன்று, விண்டோஸ் 10 க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் வேண்டும். 6 ஆம், 7 ஆம் தலைமுறை இயந்திரங்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. மற்றது பலருக்குத் தெரியாதது. வெளிநாட்டு நிறுவனம் கழித்துவிட்ட இயந்திரம் அந்த நிறுவனத்தின் ஓட்டோபைலட் பட்டியலில் (நிறுவனம் தன் இயந்திரங்களைப் பதிந்து வைக்கும் மைக்ரோசொப்ட் பட்டியல்) இன்னும் இருக்கலாம். இணையத்தோடு ரீசெட் செய்தவுடன் யாரோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழையும் திரை வரும். அவர்களாக நீக்காமல் அதை உங்கள் நிறுவனத்துக்கு எடுக்க முடியாது. கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன், வைபையில் இணைத்து ரீசெட் செய்து பாருங்கள்.

களவாக அக்டிவேட் செய்த விண்டோஸ் உள்ள இயந்திரத்தையும் சேர்க்க வேண்டாம். அதற்குப் பாவித்த சின்ன மென்பொருளை டிபென்டர் ஆபத்தான கருவியாகவே பிடிக்கும். சிவப்பு எச்சரிக்கை நாளாந்தம் வந்து, கடைசியில் உண்மையான எச்சரிக்கையும் கண்ணில் படாமல் போய்விடும்.

இணைக்கும்போது ஒரு சிறிய பொறி. முதலில் உள்நுழையும் ஊழியர் இயல்பாகவே அந்த லப்டொப்பின் அட்மின் ஆகிவிடுவார். என்ட்ராவின் டிவைஸ் செட்டிங்ஸில், பதிவு செய்பவரை அட்மினாகச் சேர்க்கும் தெரிவை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒரே ஒரு லப்டொப், பின்னேரம் பிள்ளையின் சூம் வகுப்பும் அதில்தான் என்ற நிலைமை இங்கே சாதாரணம். அப்படியென்றால் பிள்ளைக்குத் தனிக் கணக்கு ஒன்று, அட்மின் உரிமை இல்லாமல்.

டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கரை இன்டியூன் வழியாகக் கட்டாயமாக்குங்கள். மீட்புச் சாவி என்ட்ராவில் சேமிக்கப்பட்டதா என்று ஒவ்வொரு லப்டொப்புக்கும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். 48 இலக்கச் சாவி அது. மழைகாலத்து இடிமின்னலில் மதர்போர்ட் பழுதாகி, திருத்துகிற கடைக்காரர் மாற்றிக் கொடுக்கும்போது நீலத் திரையில் அந்த 48 இலக்கத்தையும் கேட்கும். நிறுவனத்தில் சாவி இல்லையென்றால் அந்த டிஸ்க்கில் உள்ளதை மறந்துவிட வேண்டியதுதான். ஹோம் பதிப்பிலும் தானாக ஒரு குறியாக்கம் நடப்பதுண்டு. ஆனால் அதன் சாவி ஊழியரின் சொந்த மைக்ரோசொப்ட் கணக்குக்குப் போய்விடும். அவர் வேலையை விட்டுப் போனால் சாவியும் கூடவே போகும்.

களவு போன லப்டொப்பைத் தூரத்திலிருந்து அழிக்கலாம் என்பதை அளவுக்கு மிஞ்சி நம்பவேண்டாம். அழிக்கும் கட்டளை அந்த லப்டொப் இணையத்துக்கு வந்தால்தான் போய்ச் சேரும். அதுவரைக்கும் காப்பது பிட்லொக்கர் மட்டுமே.

போனும் வட்ஸ்அப்பும்

இந்தச் சேவையில் எங்களுக்கு ஆகப் பிடித்த பகுதி, ஊழியரின் சொந்தப் போனைத் தொடாமலே அதற்குள் இருக்கும் நிறுவனத் தரவை மட்டும் பூட்டும் செயலிப் பாதுகாப்புக் கொள்கை. அவுட்லுக், டீம்ஸ், வன்டிரைவ், எக்செல் ஆகியவை ஒரு வேலிக்குள் வந்துவிடும். அதற்குள் இருக்கும் எழுத்தைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. மின்னஞ்சலோடு வரும் கோப்பைப் போனின் சேமிப்புக்கு இறக்க முடியாது. ஆள் விலகினால் வேலிக்குள் இருப்பது மட்டும் அழியும். அவருடைய படங்கள், தொடர்பு எண்கள், வட்ஸ்அப் எதையும் நிறுவனத்தால் பார்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. இதை ஊழியருக்கு முதல் நாளே தமிழில், எழுத்தில் கொடுங்கள். "கொம்பனி என்ர போனைப் பார்க்கப் போகுது" என்ற பயம் வந்துவிட்டால் பிறகு யாரும் மனதார ஒத்துழைக்கமாட்டார்கள்.

அன்ட்ரொய்ட் போனில் கொம்பனி போர்ட்டல் என்ற செயலியையும் இறக்கியிருக்க வேண்டும். போனை நிறுவனத்தில் பதியாவிட்டாலும் அது தேவை. அது இல்லாமல் கொள்கை வேலை செய்யாது. ஐபோன் என்றால் ஒதன்டிகேட்டர், அதாவது உள்நுழைவை உறுதிப்படுத்தும் மைக்ரோசொப்ட் செயலி.

அமைக்கும்போது மூன்று இடத்தில் நின்று யோசியுங்கள். செயலியைத் திறக்கும் பின் (PIN) எண்ணை 6 இலக்கமாக வையுங்கள். அடுத்தது, இணையம் இல்லாமல் எவ்வளவு நேரம் செயலியைத் திறக்கலாம் என்ற நிமிடக் கணக்கு. கொழும்பில் ஒரு நாள் போதும். இங்கே டேட்டா முடிந்து, கரண்டும் இல்லாமல், களப்பணியில் இரண்டு நாள் நிற்கிறவருக்கு 4320 நிமிடம், அதாவது மூன்று நாள் கொடுங்கள். மூன்றாவது, அனுமதிக்கப்பட்ட விசைப்பலகை. இந்த விதியைப் போட்டால் பட்டியலில் இல்லாத விசைப்பலகை நிறுவனச் செயலிகளுக்குள் வேலை செய்யாது. செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகையில் தட்டெழுதிப் பழகியவர் அவுட்லுக்கில் தமிழ் எழுத முடியாமல் திண்டாடுவார். செல்லினத்தைப் பட்டியலில் சேருங்கள், அல்லது அந்த விதியை விட்டுவிடுங்கள்.

ஒரு போனின் திரையை இன்னொரு போனால் படம் எடுப்பதை எந்தச் சேவையாலும் தடுக்க முடியாது.

உள்நுழைவு விதிகள்

நிபந்தனை அணுகல் என்பது யார், எந்தக் கருவியிலிருந்து, எந்த நிலையில் உள்ளே வரலாம் என்று சொல்லும் விதிகள். நான்கு விதி போதும்: எல்லோருக்கும் இரட்டை உறுதிப்படுத்தல் (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்பது), பழைய மின்னஞ்சல் நெறிமுறைகளுக்குத் தடை, போனில் பாதுகாக்கப்பட்ட செயலி மட்டும், கணினியில் இன்டியூன் சரியென்று சொன்ன இயந்திரம் மட்டும். இவற்றை இயக்க முதலில் செக்கியூரிட்டி டிபோல்ட்ஸை, அதாவது மைக்ரோசொப்ட் இயல்பாகப் போட்டுவைத்த பாதுகாப்பு விதிகளை, நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் அன்று இரவு முழுக்கக் கதவு திறந்தே கிடக்கும். ஒரே இருப்பில் செய்யுங்கள்: இரட்டை உறுதிப்படுத்தல் விதியை உடனே இயக்கி, மற்றவற்றை 'அறிக்கை மட்டும்' நிலையில் ஒரு கிழமை ஓடவிட்டு, யார் யார் தடைபட்டிருப்பார்கள் என்று பதிவேட்டில் பார்த்த பிறகு அவற்றையும் இயக்குங்கள்.

நாலாவது விதியை முதல் நாளே எல்லோருக்கும் போட்டால் அட்மினும் சேர்ந்து வெளியே நிற்பார். அதற்காகத்தான் அவசரத்துக்கு மட்டும் பாவிக்கும் அட்மின் கணக்கு இரண்டு. அவற்றை நிபந்தனை விதிகளுக்கு வெளியே வையுங்கள். அட்மின் பக்கங்களுக்கு இப்போது அவசரக் கணக்குக்கும் இரட்டை உறுதிப்படுத்தல் கட்டாயம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவி. ஒன்று அலுவலகப் பெட்டகத்தில், மற்றது உரிமையாளர் வீட்டில்.

இலங்கைக்கு வெளியே இருந்து யாரும் நுழையக் கூடாது என்று ஒரு விதி போட ஆசை வரும். போடலாம். ஆனால் பணிப்பாளர் ஒருவர் டொரொன்டோவில் இருந்தால், அல்லது யாரும் விபிஎன் பாவித்தால், அவர்கள்தான் முதலில் அகப்படுவார்கள்.

ஒதன்டிகேட்டரில் எண்ணைப் பொருத்தும் முறைக்குப் போனில் இணையம் வேண்டும். டேட்டா முடிந்தவர் அதே செயலியைத் திறந்து, 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை அடித்தால் போதும். அதற்கு இணையமும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம். போனின் நேரம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். குறுஞ்செய்தி முறையை விட இதுதான் எங்கள் பக்கத்துக்கு நல்லது. இதை ஒவ்வொருவருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள். போன் தொலைந்தவருக்குத் தற்காலிக நுழைவுச் சொல் கொடுக்கலாம். அது இயல்பாக ஒரு மணித்தியாலம் செல்லும்.

இன்டியூனின் சரிபார்ப்பில் தவறும் இயந்திரத்தை இயல்பாகவே உடனடியாகத் தவறியதாகக் குறிக்கும். மூன்று நாள் தவணை கொடுங்கள். கரண்ட் வந்து, அப்டேட் இறங்கி, ரீஸ்டார்ட் ஆகி முடிய அவ்வளவு காலம் வேண்டும்.

கோப்புகளும் தமிழும்

வாடிக்கையாளர் கோப்புகளை ஊழியரின் வன்டிரைவில் வைக்காமல் நிறுவனத்தின் பொதுக் கோப்பு இடமான ஷெயார்பொயின்ட்டில் வையுங்கள். வன்டிரைவ் ஆளுக்குச் சொந்தம், ஷெயார்பொயின்ட் நிறுவனத்துக்குச் சொந்தம். வெளியாருக்கு இணைப்பு அனுப்பும்போது 'குறிப்பிட்ட ஆட்கள்' என்பதை இயல்பு நிலையாக்கி, 'யாரும் திறக்கலாம்' என்பதை நிறுத்திவிடுங்கள்.

குயிக்புக்ஸ், டலி போன்ற கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பையும் அக்சஸ் கோப்பையும் ஒத்திசையும் போல்டருக்குள் வைக்கவே கூடாது. அவை வேலை நேரம் முழுக்கத் திறந்தபடி துண்டு துண்டாக எழுதப்படுகிறவை. இரண்டு லப்டொப் மாறி மாறி ஒத்திசைக்கும்போது முரண்பட்ட பிரதிகள் உருவாகும், அல்லது கோப்பே சிதையும். அவற்றின் பேக்கப் பிரதியை மட்டும் அங்கே அனுப்புங்கள்.

முதல் ஏற்றம் பெரிய தலையிடி. 40 ஜிபி கோப்பை 5 எம்பிபிஎஸ் ஏற்ற வேகத்தில் அனுப்ப ஏறக்குறைய 18 மணித்தியாலம் செல்லும். அதை ஊழியரின் 4ஜி பொதியில் செய்ய வேண்டாம். பைபர் உள்ள அலுவலகத்தில் இரவில் ஓடவிட்டு, வீடுகளில் 'தேவைப்படும்போது மட்டும் கோப்பு' என்ற முறையைப் பாவியுங்கள். போனின் ஹொட்ஸ்பொட்டை விண்டோஸில் அளவிடப்பட்ட இணைப்பாகக் குறித்தால் வன்டிரைவ் தானாக நின்றுகொள்ளும். டேட்டா மிஞ்சும். ஆனால் அன்று செய்த வேலை மேலே போகாது. பின்னேரம் பணிப்பட்டையில் மேக அடையாளத்தைப் பார்த்துவிட்டு மூடும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்.

தமிழில் போல்டர் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'கிளிநொச்சி' என்று கண்ணுக்குத் தெரிவது ஐந்து எழுத்து. கணினி அதைப் பத்தாக எண்ணும், ஏனென்றால் கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். எக்செல், 218 குறிக்கு மேற்பட்ட பாதையில் உள்ள கோப்பைத் திறக்காது. போல்டருக்குள் போல்டர் என்று நான்கு அடுக்குத் தமிழ்ப் பெயர் போனாலே அந்த எல்லை கிட்ட வந்துவிடும். மாவட்டத்துக்கு ஒரு எண் வையுங்கள், பெயரைக் கோப்புக்குள் எழுதுங்கள்.

பேர்வியூவில் அடையாள அட்டை இலக்கம் வெளியே போவதைத் தடுக்கச் சொந்தமாக விதி எழுதலாம்: பழையதற்கு 9 இலக்கமும் பின்னே வீ அல்லது எக்ஸ் எழுத்தும், புதியதற்கு 12 இலக்கம். வெறும் 12 இலக்கம் என்று மட்டும் போட்டால் வங்கிக் கணக்கு எண்ணெல்லாம் அகப்படும். பக்கத்தில் 'அடையாள அட்டை' என்ற சொல் இருந்தால் மட்டும் பிடிக்கும்படி, தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லைக் கொடுங்கள். அதோடு இன்னொன்று: பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஆவணத்தில் அந்தச் சொல் கணினிக்குத் தெரியாது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் கோவை. அந்தக் கோவையையும் ஒரு சொல்லாக விதிக்குள் சேர்த்தால் பிடிக்கும். பழைய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றுவது இன்னும் நல்லது. பிறகு தேடினாலும் கிடைக்கும். பிரீமியத்தில் இந்தத் தடை மின்னஞ்சலிலும் ஷெயார்பொயின்ட், வன்டிரைவிலும் மட்டுமே வேலை செய்யும். டீம்ஸ் உரையாடலுக்கு வராது.

ஆள் விலகும் நாள்

ஒழுங்கு முக்கியம். முதலில் உள்நுழைவைத் தடுங்கள், எல்லா அமர்வுகளையும் இரத்துச் செய்யுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், போனில் நிறுவனத் தரவை அழிக்கும் கட்டளையை அனுப்புங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் செயலி ஒரு மணித்தியாலம் வரை உயிரோடு இருக்கலாம். ஆகவே விலகல் கடிதத்தைக் கையில் வாங்கும் நேரத்திலேயே இதைச் செய்யுங்கள். பிறகு அஞ்சல் பெட்டியைப் பகிர்ந்த பெட்டியாக மாற்றுங்கள். 50 ஜிபி வரை லைசென்ஸ் தேவையில்லை. வன்டிரைவுக்கு முகாமையாளருக்கு அனுமதி கொடுங்கள். கடைசியாகத்தான் லைசென்ஸை எடுப்பது.

பகிர்ந்த பெட்டி நிலைக்க வேண்டுமென்றால் கணக்கை அழிக்காமல் தடுத்தபடியே விடுங்கள். கணக்கை அழித்தால் அவருடைய வன்டிரைவ் இயல்பாக 30 நாள்தான் இருக்கும். இதை 3650 நாள் வரை நீட்டலாம், நாங்கள் 365 ஆவது வைக்கச் சொல்வோம். கணக்கை அழிக்காமல் லைசென்ஸை மட்டும் எடுத்துவிட்டு மறந்தாலும் 93 நாளில் அந்த வன்டிரைவ் பூட்டப்பட்டுவிடும்.

இது பேக்கப் அல்ல

அழித்த கோப்பு குப்பைத் தொட்டியில் 93 நாள் இருக்கும். முழு நூலகத்தையும் 30 நாளுக்குள் உள்ள ஒரு நேரத்துக்குத் திருப்பலாம். கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால் இது கைகொடுக்கும். நான்கு மாதத்துக்கு முன் யாரோ தவறுதலாக அழித்த பயனாளிகள் பட்டியலை இது தராது.

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினியில் அப்படிக் கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாக வைத்த பிரதி இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவற்றில் அமைச்சரவை அலுவலகமும் அடங்கும். பத்துப் பேர் உள்ள நிறுவனம் இரண்டு வெளி டிஸ்க் வாங்கி, இரண்டையும் பிட்லொக்கரால் பூட்டி, கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பிரதி எடுக்கலாம். ஒன்று கிளிநொச்சியில் என்றால் மற்றது வவுனியாவில் இருக்கட்டும். 2018 டிசம்பர் வெள்ளத்தை நினைத்தாவது தரையோடு உள்ள அலுமாரித் தட்டில் வைக்காதீர்கள்.

வாங்கும் முறை

நிறுவனம் 300 பேரைத் தாண்டாதவரை இந்தத் திட்டம் பொருந்தும். ஆறு பேருக்குப் பிரீமியம், நாலு பேருக்கு மலிவான பிஸ்னஸ் பேசிக் என்று கலக்கவேண்டாம். நிபந்தனை அணுகல் ஒவ்வொருவருக்கும் லைசென்ஸ் கேட்கும், பூட்டாத நாலு கதவாலும் அதே பட்டியல் வெளியே போகும்.

பதிவு செய்த தொண்டு நிறுவனங்கள் முழு விலை கட்டத் தேவையில்லை. முன்பு 10 பிரீமியம் லைசென்ஸ் இலவசமாகக் கிடைத்தது. 2025 ஜூலையிலிருந்து புதுப்பிக்கும்போது அது இல்லை. பேசிக் 300 பேர் வரை இலவசம், பிரீமியத்துக்கு விலைக்கழிவு. இலவசம் நின்றதே தெரியாமல் புதுப்பிக்கும் நாளில் எல்லோருடைய லைசென்ஸும் போய்விடாதபடி முடியும் திகதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஒரு மாதம், 25 பேர் வரை, இலவசமாகப் பார்க்கலாம். அந்த மாதத்தில் அலுவலகத்தில் இருந்து சோதிக்க வேண்டாம். சிக்னல் ஆகக் குறைந்த வீட்டில் இருக்கும் ஊழியர் ஒருவரைத் தெரிந்து, அவருடைய லப்டொப்பையும் போனையும் மட்டும் சேருங்கள். டேட்டாவை நிறுத்திவிட்டு உள்நுழையச் சொல்லுங்கள். கோப்பைத் திருத்தச் சொல்லி, ஒத்திசையும் வரைக்கும் நேரம் எடுங்கள். அவருடைய போனில் நிறுவனத் தரவை அழித்து, சொந்தப் படங்கள் அப்படியே இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். மற்ற ஒன்பது பேருக்கும் அவரே சொல்லிக் கொடுக்கட்டும்.